ஆறு மணிக்குப் பிந்திய பாடசாலை

(கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து மிசிசாகாவில், உயர்நிலைப் பாடசாலை மாணவரின் பெற்றோர் கூடிய சபையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாணவரின் புறக்கிருத்தியங்கள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருளோ பெரிது, எனக்கு அளிக்கப்பட்ட அவகாசமோ சிறிது. சதுரங்கக் கழகம், விவாத மன்றம், வாத்தியக் குழு, கூடைப்பந்து அணி என்று ஒவ்வொரு பாடசாலையும் செப்ரெம்பர் மாதத்தில் நீட்டுகின்ற பட்டியலை நான் இங்கே வாசித்துக் காட்டப் போவதில்லை. அதனை உங்கள் பிள்ளைகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில், கூடாரம், தோணி, மலைப்பாதை, இராத்தங்கல் ஆகியவற்றைப் பற்றிச் சில வரிகள் இருப்பதுண்டு. தமிழ் வீடுகளில் மிகவும் குறைவாக வாசிக்கப்படுகின்ற அந்த வரிகளைப் பற்றியே இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

இந்த மாகாணத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர், பாடங்களில் சித்தியடைவதோடு 40 மணித்தியாலச் சமூக சேவையும் செய்திருந்தாலன்றி உயர்நிலைப் பாடசாலைப் பட்டயத்தைப் பெற முடியாது என்பது 1999-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விதி. வகுப்பறைக்கு வெளியே நிகழும் கல்விக்கு அரசாங்கமே அங்கீகாரம் அளித்திருக்கிறது என்று இதனைக் கொள்ளலாம். ஆனால் அந்த 40 மணித்தியாலங்களுக்கு அப்பால் நிகழ்வன யாவும் சட்டத்தினால் ஆவன அல்ல. ஆசிரியர்கள் மனமுவந்து, வேதனம் வாங்காமல் செய்யும் உபகாரத்தினால் ஆவன. 2012-ஆம் ஆண்டில் மாகாண அரசு கொண்டுவந்த 115-ஆம் இலக்கச் சட்டமூலத்தை ஆட்சேபித்து உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர்கள் இப்பணிகளிலிருந்து விலகி நின்ற மாதங்களில்தான், பிள்ளைகளை மாலைதோறும் மைதானத்தில் வைத்திருந்தது யாருடைய கருணை என்பது பல வீடுகளுக்கு விளங்கிற்று. பாடசாலைக்குச் சென்று மதிப்பெண் குறைந்ததற்காக வாதிடும் நாம், ஒரு சனிக்கிழமையைத் துறந்து முப்பது பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற ஆசிரியைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறோமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

நம்மவர் புறக்கிருத்தியங்களை அறவே அலட்சியம் செய்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு, மாலையில் மிருதங்கம், ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டியம், இடையிடையே கணித ரியூஷன் என்று, ஒரு மந்திரிக்குக்கூட இல்லாத கால அட்டவணை நம் பிள்ளைகளுக்கு உண்டு. பத்து வருஷங்கள் அடவு பழகி, அரங்கேற்ற மேடையில் இரண்டரை மணி நேரம் நின்றாடுகின்ற சிறுமியின் சரீர உறுதியும் மன ஒருமையும் எந்த விளையாட்டு வீரருக்கும் குறைந்தவையல்ல. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஆட வேண்டிய உருப்படிகளைக் குரு தீர்மானிக்கிறார். மண்டபத்தைத் தகப்பனார் பேசி ஒழுங்கு செய்கிறார். ஆடையாபரணங்களைத் தாயார் சென்னையிலிருந்து வருவிக்கிறார். அழைப்பிதழில் எவர் பெயர் முதலில் வருவது என்பதைப் பெரியப்பா தீர்மானிக்கிறார். மேடையேறும் பிள்ளை தானாகத் தீர்மானிப்பதற்கு எஞ்சியிருப்பது எதுவுமில்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய பயிற்சிகளுள் தலையாயது எது என்று என்னைக் கேட்பீர்களாயின், பெரியவர் எவரும் பக்கத்தில் நின்று சொல்லாத வேளையில், தன்னுடையதும் தன் தோழருடையதுமான நலத்தை உத்தேசித்து, ஒரு முடிவைத் தானே எடுத்து, அதன் பலனைத் தானே அனுபவிக்கும் பயிற்சி என்பேன். அந்தப் பயிற்சிக்குக் காட்டைப்போல் வாய்ப்பான பாடசாலை வேறொன்றை நான் அறியேன்.

இந்த எண்ணத்தைக் கல்வி உலகில் வேரூன்றச் செய்தவர்களுள் முக்கியமானவர் ஓர் அகதி என்பது நம்மவர் அறியத்தக்கது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1920-இல் சாலெம் என்னும் இடத்தில் ஒரு பாடசாலையைத் தொடங்கி நடத்திவந்த குர்ட் ஹான், ஹிட்லரைப் பகிரங்கமாக எதிர்த்தமையால் 1933-இல் சிறையிடப்பட்டு, விடுதலை பெற்றபின் பிரித்தானியாவில் அடைக்கலம் புகுந்து, மறு ஆண்டே ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கோர்டன்ஸ்டன் பாடசாலையை நிறுவினார். கடலோடுதலும் மலையேறுதலும் அங்கே பாடத்துக்குச் சமமான அந்தஸ்து பெற்றிருந்தன. பின்னர் யுத்தம் வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளால் வர்த்தகக் கப்பல்கள் தகர்க்கப்பட்டு, மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் நாட்கணக்காக மிதக்க நேர்ந்தபோது, உடல் வலிமை மிகுந்த வாலிபர்கள் முதலில் மடிவதையும், பாய்க்கப்பல் காலத்து அனுபவம் பெற்ற முதியவர்கள் பிழைத்துக் கொள்வதையும் லாரன்ஸ் ஹோல்ட் என்னும் கப்பல் கம்பனி முதலாளி கவனித்ததாகச் சொல்வார்கள். அவ்வாலிபர்களுக்குக் குறைவாயிருந்தது பலம் அன்று. இன்னும் ஒரு நாள் பொறுக்க நம்மால் முடியும் என்னும் நம்பிக்கை. ஹானும் ஹோல்ட்டும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் தொடங்கிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பாடசாலை அந்த நம்பிக்கையை ஊட்டுவதற்கென்றே எழுந்தது.

உயிர்காப்புப் படகு என்றதும் இச்சபையில் சிலருக்கு வேறொரு ஞாபகம் வந்திருக்கும். 1986 ஆகஸ்ட் மாதத்தில், நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 150-க்கு மேற்பட்ட தமிழரை உள்ளூர் மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். இந்நாட்டில் நம் சமூகத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் அந்தப் படகுகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. அட்லாந்திக் சமுத்திரத்தில் பசியோடும் குளிரோடும் பொறுத்திருந்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள், முழங்கால் ஆழத் தண்ணீரைக் கண்டால் பின்வாங்குகிறார்கள் என்றால், அது பிள்ளைகளின் குறை அன்று.

ஹானின் மாணவரான எடின்பரோ கோமகன் பிலிப், அவருடைய தூண்டுதலின் பேரில் 1956-இல் பிரித்தானியாவில் தொடங்கிய விருதுத் திட்டம் 1963-இல் கனடாவுக்கு வந்து, இன்று 14 முதல் 24 வயது வரையுள்ள எவரும் சேரக்கூடியதாய் விளங்குகிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் சேவை, திறன், தேகப்பயிற்சி, சாகசப் பிரயாணம் என்னும் நான்கு பிரிவுகள். தங்கத்துக்கு மட்டும் வீட்டைவிட்டு அகன்று அந்நியரோடு தங்கிச் செய்யும் ஒரு பணியும் கூட உண்டு. மிருதங்கம் பயிலும் பையன் அதனையே திறன் பிரிவில் காட்டலாம். கோயில் அன்னதானத்தில் பரிமாறும் பெண் அதனையே சேவையாகக் கணக்கிடலாம். பரிசு பெறுவதற்கு எவரையும் வெல்ல வேண்டியதில்லை என்பது இத்திட்டத்தின் பிரத்தியேகமான சிறப்பு. நம் பிள்ளைகள் எல்லாப் பிரிவுகளையும் அநாயாசமாகக் கடந்து, கடைசியில் இடறி நிற்பது சாகசப் பிரயாணத்தில்தான். வெண்கலத்துக்கு இரண்டு பகலும் ஓர் இரவும், வெள்ளிக்கு மூன்று பகலும் இரண்டு இரவும், தங்கத்துக்கு நான்கு பகலும் மூன்று இரவும், சிறு குழுவாகச் சேர்ந்து, இயந்திர வாகனமின்றி, தாங்களே வரைபடம் பார்த்து, தாங்களே சுமந்து, தாங்களே சமைத்துப் போய்வர வேண்டும். மேற்பார்வையாளர் இருப்பார், ஆனால் தூரத்தில் இருப்பார். எந்தப் பாதையில் திரும்புவது என்பதை அவர் சொல்லமாட்டார். பிள்ளைகள் பிழையான பாதையில் அரை மணி நேரம் நடந்து, தாங்களே கண்டுபிடித்துத் திரும்பி வருவதும் பாடத்தின் ஒரு பகுதியாகும்.

இங்கேதான் தாயார் ஒப்பமிட மறுக்கிறார். "படிப்புக் கெடும்" என்கிறார். "குளிர் ஒத்துக்கொள்ளாது" என்கிறார். "குமர்ப்பிள்ளையை இராத்திரி வெளியே விடுவதோ" என்கிறார். இவையெல்லாம் வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்றுண்டு, அதைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

இச்சபையில் இருக்கும் பெற்றோரிற் பலர், மாலை ஆறு மணிக்குள் பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதே அன்பின் முதல் இலக்கணமாயிருந்த தேசத்தில் வளர்ந்தவர்கள். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் ஷெல்லடியும் நித்திய சம்பவங்களாயிருந்த காலத்தில், இருட்டிய பின் வெளியே நிற்கும் பிள்ளை திரும்பி வராமலே போய்விடக் கூடும். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் தாயின் பிராணன் போய் மீண்டது. காடு என்றால் நம் தலைமுறைக்கு உல்லாசத்தின் இருப்பிடம் அல்ல. மிதிவெடி புதைந்த நிலம், இடம்பெயர்ந்தோர் பாயின்றிப் படுத்த தரை. கூடாரம் என்றால் விடுமுறை அல்ல, முகாம். யுத்தம் முடிந்தும், சமுத்திரம் கடந்தும், அந்த ஆறு மணி நம்மோடு கூடவே வந்துவிட்டது. ஆகவே, "தமிழ்ப் பெற்றோருக்குப் புத்தியில்லை, பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள்" என்று சிலர் கேலி செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஜாக்கிரதைதான் இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கே காரணமாயிற்று. ஆனால் ஒரு தேசத்தில் உயிர்காத்த பழக்கம் வேறொரு தேசத்தில் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். யுத்தம் அறியாத பிள்ளைக்கு யுத்த காலத்துக் கடிகாரத்தைக் கட்டிவிடுதல் நியாயமன்று.

அந்தக் காலத்துக்கு முந்தியதையும் சற்றே நினைவுகூர்வோம். வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்க, நம்மூர் மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டார்கள். 1954-இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை முதன்முதலாக நீந்திக் கடந்தார். 1971-இல் குமார் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக நீந்தினார். ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்று 1984-இல் அவர் உயிர் நீத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாகசம் என்பது அபாயம் கலந்ததே. ஆனால் தமிழனுக்கும் சாகசத்துக்கும் சம்பந்தமில்லை, அது வெள்ளையர் பொழுதுபோக்கு என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வளர்வது சரித்திரத்துக்கு மாறானது.

சரி, எங்கே போவது? வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த நகரத்தின் நடுவே கிரெடிட் நதி ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சலிட்டு ஸ்ட்ரீட்ஸ்வில் வரை ஏறுவதைக் கரையிலிருந்தே காணலாம். அதே நதி ஏரியோடு கலக்கும் போர்ட் கிரெடிட்டில் தோணி வலிக்கும் கழகங்கள் உள்ளன. நாம் நிற்கும் இந்த நிலத்தில் ஐரோப்பியருக்கு முன்னரே வாழ்ந்த மிசிசாகா மக்கள், பூர்ச்ச மரப்பட்டையாற் செய்த தோணியில்தான் பிரயாணம் செய்தார்கள். இன்று கனூ என்று வழங்கும் தோணி அந்த மரபின் வாரிசு. மேற்கே அரை மணி நேரம் காரில் சென்றால் மில்டன். அங்கே நயாகராச் செங்குத்துப் பாறைத்தொடரின் மேல் புரூஸ் நெடும்பாதை செல்கிறது. குயின்ஸ்டனிலிருந்து டோபர்மோரி வரை சுமார் 900 கிலோமீற்றர் நீளும் இப்பாதை 1967-இல் திறக்கப்பட்டது. அதனைச் செப்பனிட்டுக் காப்பவர்களிற் பெரும்பாலோர் தொண்டர்கள். அதன் அருகே குரோஃபோர்ட் ஏரி என்னும் சிறிய நீர்நிலை இருக்கிறது. பரப்பில் இரண்டரை ஹெக்டயர்தான். ஆழமோ இருபது மீற்றருக்கு மேல். அதனால் அடித்தண்ணீர் கலங்காமல், வருஷத்துக்கு ஒரு படலமாக வண்டல் படிந்து, ஒரு நாட்குறிப்பைப்போல் நிலைத்திருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியத் தடம் அவ்வண்டலில் தெளிவாகத் தெரிவதால், மனித யுகத்தின் தொடக்கத்துக்கு அடையாளமாக அந்த ஏரியை 2023-இல் விஞ்ஞானிகள் ஒரு சாரார் பிரேரித்தார்கள். மறு ஆண்டு புவிச்சரிதவியல் அறிஞர் சபை அப்பிரேரணையை ஏற்கவில்லை. பூமிசாஸ்திரப் பாடத்தில் நூறு பக்கம் வாசிப்பதை அந்தக் கரையில் ஒரு மத்தியானம் நின்றால் உணரலாம்.

தூரம் போக மனமுள்ளவர்களுக்கு அல்கொன்குவின் பூங்கா இருக்கிறது. 1893-இல் ஏற்படுத்தப்பட்ட அந்த வனம் சுமார் 7,600 சதுர கிலோமீற்றர் பரந்தது. நம் யாழ்ப்பாண மாவட்டம் ஏழுக்கு மேல் அதற்குள் அடங்கும். ஏரியிலிருந்து ஏரிக்குத் தோணியிற் சென்று, இடையில் நிலம் குறுக்கிடும் இடங்களில் தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி நடக்க வேண்டும். மரத்தில் அறைந்திருக்கும் மஞ்சட் பலகை, இன்னும் எத்தனை மீற்றர் என்று சொல்லும். அந்தத் தோணியின் பாரம் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். வகுப்பில் முதலாம் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் அது ஒரே பாரம்தான். தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் உட்காட்டுக்குக் கொண்டுபோகலாகாது. உணவைக் கரடிக்கு எட்டாதபடி மரக்கிளையில் கட்டித் தொங்கவிட வேண்டும். பருத்தி ஆடை நனைந்தால் உடற்சூட்டை உறிஞ்சிவிடுமாதலால் கம்பளியோ செயற்கை இழையோ அணிய வேண்டும். புழுங்கலரிசிச் சோறு அங்கே சரிவராது. அவலும் பொரிவிளாங்காயும் பிரமாதமாகச் சரிவரும். மலசலகூடத்தைப் பற்றித் தாய்மார் கேட்பார்கள். கூடாரத்துக்குப் பின்னே ஒற்றையடிப் பாதையின் முடிவில், மூடியுள்ள ஒரு மரப்பெட்டி இருக்கும். சுவரும் கூரையும் கிடையா. முதல் நாள் அருவருப்பாயிருக்கும். இரண்டாம் நாள் பழகிவிடும். மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்று பெண்பிள்ளைகள் கூச்சமின்றி ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அதற்கான ஆயத்தங்கள் யாவும் உள.

இனி நீரைப் பற்றி. 2017 ஜூலையில் ரொறன்ரோவின் உயர்நிலைப் பாடசாலை ஒன்றிலிருந்து அல்கொன்குவினுக்குச் சென்ற குழுவில், பதினைந்து வயது மாணவன் ஒருவன் நீரில் மூழ்கி இறந்தான். பயணத்துக்கு முன் நடத்தப்படும் நீச்சற் பரீட்சையில், சென்ற 32 பிள்ளைகளுள் 15 பேர் சித்தியடைந்திருக்கவில்லை என்பது பிற்பாடு வெளிவந்தது. இதைச் சொல்லி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. இதைச் சொல்லாமல் உங்களை ஊக்குவிப்பது அயோக்கியத்தனம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை, ஆயினும் தோட்டக் கிணற்றில் வாழைக்குற்றியைப் பிடித்துக்கொண்டும், கீரிமலைக் கேணியில் குதித்தும் நம் ஆண்பிள்ளைகள் நீந்தப் பழகினார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்கவில்லை. அதன் விளைவாக, தாய்க்கு நீச்சல் தெரியாது, தாய் பிள்ளையை நீச்சற் குளத்துக்கு அனுப்பத் தயங்குகிறார், பிள்ளைக்கும் நீச்சல் தெரிவதில்லை. கனடிய உயிர்காப்புச் சங்கம் வகுத்த ஆகக்குறைந்த அளவு ஒன்றுண்டு: ஆழமான நீரில் உருண்டு விழுந்து மேலெழுதல், ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். இம்மூன்றும் இயலாத பிள்ளை, உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தாலும், தோணிப் பயணத்துக்கு ஆயத்தமான பிள்ளை அல்ல. நகரசபையின் நீச்சற் குளங்களில் வகுப்புகள் நடக்கின்றன, வளர்ந்தவர்களுக்கும் நடக்கின்றன. நாற்பது வயதுத் தாயார் ஒருவர் மகளோடு சேர்ந்து பழகுவதில் வெட்கமில்லை.

ஆகையால் சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும்போது உடனே மறுக்கவும் வேண்டாம். வாசிக்காமல் ஒப்பமிடவும் வேண்டாம். நீச்சற் பரீட்சை எங்கே, யாரால் நடத்தப்படும்? சித்தியடையாத பிள்ளைக்கு என்ன ஒழுங்கு? உடன்செல்பவர்களுள் முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர்? தொலைபேசி எட்டாத இடத்தில் செய்மதிக் கருவி உண்டா? நல்ல ஆசிரியர் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார். கேட்கும் பெற்றோரை மதிப்பார். திருப்தியான விடை கிடைக்காவிடில், தாராளமாக மறுத்துவிடுங்கள்.

எஞ்சியிருப்பது பணம். கடேற் படையில் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. உடுப்பும் கொடுத்து, முகாமுக்கும் அழைத்துச் சென்று, விமானப் பிரிவில் தகுதி பெற்றவர்களுக்குக் கிளைடர் ஓட்டவும் கற்பிக்கிறார்கள். தேசியப் பூங்காக்களில் 17 வயது வரையுள்ளோருக்கு நுழைவுச் சீட்டு இலவசம். ஆனால் கூடாரமும் உறங்குபையும் மழையங்கியும் அடுப்பும் வாங்கப் புகுந்தால், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது கணிசமான செலவு; அதுவும் வருஷத்தில் நாலைந்து நாள் பாவனைக்காக. நம் சங்கத்தின் களஞ்சிய அறையில், பொங்கல் விழாவுக்கு ஒரு நாள் வெளியே வரும் மேடை விளக்குகளும் தோரணங்களும் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஆறு கூடாரங்களையும் இருபது உறங்குபைகளையும் வாங்கி அடுக்கி வைத்து, வேண்டிய குடும்பத்துக்கு இரவல் கொடுத்து வாங்குவதற்கு ஒரு பதிவேடும் ஒரு பொறுப்பாளரும் இருந்தாற் போதும். தலைவர் அவர்கள் இதனை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பிரேரிப்பாரானால், எனக்குப் போர்த்துவதற்காக மேசையில் வைத்திருக்கும் பொன்னாடையின் விலையை அந்தக் கணக்கில் முதல் வரவாக எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.